ஹார்மோன் ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவு கட்டலாமா? தைராய்டு, பாராதைராய்டு, அட்ரினல்

#1 வேல்விழி

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்கள் பெருகியதும் டாக்டரைப் பார்க்கும் முன்பே ஹார்மோன் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடுகிறது. டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 5.8 என்று தடித்த எழுத்தில் இருந்தால் உடனே தைராய்டு மாத்திரை, கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) குறைவென்றால் உடனே பயம். பாடப்புத்தகங்கள் சுரப்பிகளைத் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துப் போடுவதால் வரும் குழப்பம் இது. உடலில் மேலே ஒரு சுரப்பி ஏவுகிறது, கீழே ஒரு சுரப்பி சுரக்கிறது, அந்தச் சுரப்பே மேலே போய் ஏவலை அடக்குகிறது. ஏவலையும் சுரப்பையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் படித்தால் அர்த்தம் மாறிப்போகும்.

தைராய்டையே எடுத்துக்கொள்வோம். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை முன்பக்கமாக அணைத்தபடி இரண்டு மடல்கள். அவற்றை இணைக்கும் நடுப்பட்டை மூச்சுக்குழாயின் 2 முதல் 4ஆம் வளையத்துக்கு மேல் படிந்திருக்கும். மொத்த எடை 15 முதல் 25 கிராம். எச்சில் விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கும். கழுத்துக் கட்டி தைராய்டில்தான் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

ஆனால் எல்லாரும் பார்க்கிற டிஎஸ்ஹெச் அங்கே சுரப்பதில்லை. மூளைக்கு அடியில், ஸ்பீனாய்டு எலும்பின் குழியில் இருக்கும் பிட்யூட்டரியின் முன்மடல்தான் அதைச் சுரக்கிறது. பிட்யூட்டரியின் எடை ஏறக்குறைய அரை கிராம். டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் இரண்டு மடங்கு ஏறுவதோடு நிற்காது. ஏறக்குறைய நூறு மடங்கு ஏறும். டி4 இன்னும் 'நார்மல்' எல்லைக்குள் இருக்கும்போதே டிஎஸ்ஹெச் குதித்துவிடுவது இந்தக் கணக்கால்தான்.

#2 நாளமில்லான்

வேல்விழி மேடம் சொன்னது சரி, ஒரு திருத்தத்தோடு. வேறு நோயில்லாத ஒருவருக்கு முதல் பரிசோதனையாக டிஎஸ்ஹெச் மட்டும் பார்ப்பது தப்பில்லை. மேடம் சொன்ன அந்த நூறு மடங்குக் கணக்கே அதற்குக் காரணம், அவ்வளவு நுட்பமான அளவுகோல் வேறு இல்லை. பிட்யூட்டரி நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாம் அதைப் படிக்கிறோம் என்பதை மறந்தால்தான் ஆபத்து.

டிஎஸ்ஹெச் 2.1, எஃப்டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) 0.5 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால்? டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்தவர் 'நார்மல், போகலாம்' என்பார். எஃப்டி4 கீழ் எல்லை 0.8 வாக்கில் இருக்க, 0.5 வரை இறங்கியும் பிட்யூட்டரி கத்தவில்லை என்றால் கோளாறு பிட்யூட்டரியிலோ அதற்கு மேலே இருந்து அதை ஏவும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸிலோதான். நம் நாட்டில் இதற்கு மறக்கக்கூடாத ஒரு காரணம் ஷீஹன் நோய். கர்ப்பகாலத்தில் பிட்யூட்டரி வீங்கிப் பெரிதாகும், அதற்குப் போகும் ரத்தமோ குறைந்த அழுத்தத்தில்தான் ஓடும். பிரசவத்தில் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போய் ரத்த அழுத்தம் விழுந்தால் முன்மடல் செத்துப்போகும். 1937இல் ஷீஹன் விவரித்தது இதைத்தான். முதல் அடையாளம் தாய்ப்பால் ஊறாதது, அடுத்து மாதவிலக்கு திரும்ப வராதது. பிறகு பல வருடம் 'ரத்தசோகை, அசதி' என்று ஓடிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு டிஎஸ்ஹெச் வைத்து மாத்திரை அளவை மாற்றவே கூடாது, எஃப்டி4தான் வழிகாட்டி.

டிஎஸ்ஹெச் 4.5க்கும் 10க்கும் நடுவில் இருந்து எஃப்டி4 நார்மலாக இருந்தால் அவசரம் வேண்டாம். 2, 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள், கூடவே டிபிஓ எதிர்ப்புப்பொருளும் (உடல் தன் தைராய்டையே தாக்குகிறதா என்று காட்டுவது). கணிசமானவர்களுக்குத் தானாகவே இறங்கிவிடும். 70 வயதுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் டிஎஸ்ஹெச் வயதோடு வருவது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது, அவர்களுக்குத் தனி எல்லை, தனி அவசரம்.

#3 ரத்தமாதிரி

லேப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

முதலாவது பயோட்டின் என்ற பி வைட்டமின். முடி உதிர்வுக்கு விற்கிற மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் இருக்கும். உடலுக்கு ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம். பல மெஷின்கள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்துத்தான் ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் அந்த ஒட்டும் இடங்களை அது அடைத்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் அளக்கும் முறையில் இது பொய்யாகக் குறைத்துக் காட்டும். எஃப்டி4, எஃப்டி3 அளக்கும் முறை வேறு, அங்கே பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் ரிப்போர்ட் அச்சு அசல் கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மேல் சுரப்பது) மாதிரியே இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. ரத்தம் கொடுக்க 2, 3 நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட வேண்டும். அதிக டோஸ் எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள்.

அதாவது இரண்டு எண்ணைச் சேர்த்துப் பார்த்தாலும் ஏமாறலாம். உடல் எடை குறையவில்லை, நாடித்துடிப்பு 72, கை நடுக்கம் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் கிரேவ்ஸ் என்றால் முதலில் மாத்திரைப் பட்டியலைக் கேளுங்கள்.

இரண்டாவது பச்சிளம் குழந்தைகள். பிறந்தவுடன் வெளிக்காற்றின் குளிர் பட்டு டிஎஸ்ஹெச் ஏகத்துக்கு ஏறும். முதல் நாளே குதிகாலில் குத்தி எடுத்தால் நல்ல குழந்தைக்கும் 'அதிகம்' என்று வரும். 48 மணி நேரம் கழித்து, 72க்குள் எடுப்பது நல்லது. சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகும் குழந்தையை விட்டுவிடவும் கூடாது.

#4 நாளமில்லான்

ரத்தமாதிரி சொன்ன கடைசி வரியைப் பெற்றோர்கள் அழுத்திப் படிக்கவேண்டும். பிறவித் தைராய்டு குறைபாடு உறுதியானால் 2 வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிடுவது இலக்கு. தினம் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் லீவோதைராக்ஸின் (மாத்திரை வடிவ டி4). மாத்திரையை ஸ்பூனில் நசுக்கி, சில சொட்டு தாய்ப்பாலில் அல்லது தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்கவேண்டும்; முழு பாட்டில் பாலில் கலந்தால் குழந்தை எவ்வளவு குடித்ததோ அவ்வளவுதான் மருந்து போகும். மூளை வளர்ச்சியில் இந்த வாரங்களை இழந்தால் பிறகு எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் ஈடாகாது.

#5 மாத்திரைப்பெட்டி

மாத்திரை சாப்பிடும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க, அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

தைராய்டு முழுசா வேலை செய்யாத பெரியவங்களுக்கு லீவோதைராக்ஸின் முழு டோஸ் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோன்னா 100 பக்கம் வரும். இதய நோய் இருக்கிறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் 12.5 இல்லன்னா 25ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும், எடுத்தவுடனே முழு டோஸ் கொடுத்தா நெஞ்சுவலி, படபடப்பு வரும்.

வெறும் வயித்தில, தண்ணியோட மட்டும். அதுக்கப்புறம் குறைஞ்சது அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் எதுவும் வேணாம். காலையில எழுந்ததும் டிகாக்ஷன் காபி இல்லாம முடியாதுங்கறவங்க மாத்திரையையும் காபியையும் சேர்த்து முழுங்குறாங்க. உறிஞ்சப்படறது குறைஞ்சு டிஎஸ்ஹெச் ஏறும், டாக்டர் டோஸை ஏத்துவாரு, பிரச்சினை அப்படியே இருக்கும். காலையில முடியவே முடியலன்னா ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சுப் படுக்கும்போது போடுங்க, அதுவும் நல்ல வழிதான்.

இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரையும் கால்சியமும் கொடுக்கிறாங்க இல்லையா, இந்த ரெண்டையும்கூட ஒண்ணா முழுங்கக்கூடாது. விடியகாலையில தைராக்ஸின், மதியம் இரும்பு, ராத்திரி சாப்பாட்டோட கால்சியம்னு பிரிச்சு எழுதிக் கொடுத்தா குழப்பமே வராது. ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடறவங்க கர்ப்பம் தெரிஞ்சவுடனே டாக்டரைப் பார்க்கணும். பொதுவா டோஸ் 25, 30 சதவீதம் கூடும், வாரத்துக்கு 7 மாத்திரைக்கு பதிலா 9.

பாட்டில்ல வர்ற மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவில கொட்டி ஜன்னல் ஓரம் வைக்காதீங்க. வெயில், ஈரம், வெளிச்சம் மூணும் ஆகாது. டோஸ் மாத்தினா 6லேர்ந்து 8 வாரம் கழிச்சுத்தான் டிஎஸ்ஹெச் பார்க்கணும். டி4க்கு அரை ஆயுள் ஒரு வாரம், நிலைக்கு வரவே 5 வாரம் ஆகும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னு பதற வேண்டாங்கறதுக்கும் அதே காரணம்தான்.

எஃப்டி4 பார்க்கிற நாள்ல ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்க. போட்ட சில மணி நேரத்துக்கு எஃப்டி4 ஏறியே இருக்கும்.

#6 கேள்விக்கொடி

வார்டில் தைராய்டு முழுசாக எடுத்தவர்களுக்கு தைராக்ஸினைவிட கால்சியம்தான் முதலில் கொடுக்கிறார்கள். தைராய்டு போனால் தைராய்டு ஹார்மோன்தானே குறையவேண்டும்? இதைச் செவிலியர் மாணவிகளுக்குத் தெளிவாகச் சொல்ல ஒரு விளக்கம் வேண்டும்.

#7 கத்திமுனை

நல்ல கேள்வி. தைராய்டின் முதுகுப்புறம் பொதுவாக நான்கு பாராதைராய்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கோதுமை மணி அளவு, ஒன்று 30 முதல் 40 மில்லிகிராம், பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். கொழுப்போடு கொழுப்பாகக் கலந்து தெரிவதால் அறுவையில் பிரித்துக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். மேல் இரண்டும் ஓரளவு சொன்ன இடத்தில் இருக்கும். கீழ் இரண்டு கருவில் தைமஸோடு சேர்ந்து நெடுந்தூரம் இறங்கி வருபவை, எனவே தாடைக்கோணத்திலிருந்து நெஞ்சுக்கூடு வரை எங்கும் நின்றிருக்கலாம். நான்கிற்கும் பெரும்பாலும் கீழ்த் தைராய்டு தமனிதான் ரத்தம் தருகிறது. அதை அடிமரத்திலேயே கட்டினால் சுரப்பி இடத்தில் இருந்தும் செத்துவிடும். தைராய்டை ஒட்டி, கிளைகளாகக் கட்டுவது அதற்காக.

இந்தச் சுரப்பியை முதலில் பார்த்தது மனித உடலில் இல்லை. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் தைராய்டோடு ஒட்டிய சிறு மஞ்சள் சுரப்பியை எழுதிவைத்தவர். மனிதரில் விவரித்தவர் ஸ்வீடனின் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880இல்.

இப்போது கேள்விக்கு வருவோம். டி4 ஒரு வாரம் ரத்தத்தில் தாங்கும். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோனான பிடிஹெச் தாங்குவது 2 முதல் 4 நிமிடம். அதனால் குறைபாடு தெரியும் வரிசையும் அப்படியே: கால்சியம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் விழும், தைராய்டு குறைபாடு வாரக்கணக்கில்தான் தெரியும்.

மாணவிகள் பார்க்கவேண்டியது உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுப்பு, பிறகு தசைப்பிடிப்பு. காதுக்கு முன் 2 சென்டிமீட்டரில் தட்டி முகம் துடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஆரோக்கியமானவர்களிலும் பத்தில் ஒருவருக்கு வரும், அதை அதிகம் நம்பவேண்டாம். ட்ரூசோ சோதனை நம்பகமானது. பிபி கஃப்பை மேல் அழுத்தத்துக்கு 20 கூட்டி ஊதி 3 நிமிடம் வைத்திருங்கள். மணிக்கட்டு மடங்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும், மற்ற விரல்கள் நீட்டியபடி ஒன்றோடொன்று நெருங்கிக் குவியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அறிகுறி வந்துவிட்டால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, ஈசிஜி மானிட்டரில் வைத்து, 10 நிமிடத்துக்கு மேல் எடுத்து மெதுவாக. அதில் உண்மையான கால்சியம் 93 மில்லிகிராம்தான், ஆகவே ஒரு ஊசியோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது, டிரிப் தொடரவேண்டியிருக்கும். பைகார்பனேட் ஓடும் அதே குழாயில் கொடுத்தால் படிந்து அடைத்துக்கொள்ளும்.

#8 மாத்திரைப்பெட்டி

இந்த இடத்தில வைட்டமின் டி3 60,000 யூனிட் பாக்கெட் எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வைட்டமின் வேலை செய்யற வடிவத்துக்கு மாறணும்னா சிறுநீரகத்தில பிடிஹெச் ஏவணும். பிடிஹெச்சே இல்லாதவருக்கு அது உடனடியா உதவாது, அதனாலதான் நேரா அந்த வேலை செய்யற வடிவமான கால்சிட்ரியாலையே கொடுக்கிறோம். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் மாத்திரையில கால்சியம் 500. அது கரைய வயித்துல அமிலம் வேணும், சாப்பாட்டோட கொடுங்க. அமிலத்தைக் குறைக்கிற பேண்டோபிரசோல் சாப்பிடறவருக்கு கால்சியம் சிட்ரேட் நல்லது.

#9 நாளமில்லான்

கால்சியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியம் பாருங்கள். மக்னீசியம் குறைந்தால் பிடிஹெச் சுரப்பதும் தடைபடும், சுரந்தது எலும்பில் வேலை செய்வதும் தடைபடும். வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது வரும்.

இழையின் தலைப்புக்கு மிகப் பொருத்தமான ரிப்போர்ட் இந்தச் சுரப்பியில்தான் கிடைக்கிறது. கால்சியம் 11.2, பிடிஹெச் 58. லேப் எல்லை 15 முதல் 65. பிடிஹெச் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழாது. ஆனால் கால்சியம் 11.2 இருக்கையில் நல்ல பாராதைராய்டு வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும், 20க்குக் கீழே. அங்கே 58 என்றால் அது நார்மல் இல்லை, பாராதைராய்டு கட்டியை நினைக்கவேண்டும். சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருபவர்களின் பழைய ஃபைல்களில் இந்த ஜோடி யாரும் சேர்த்துப் படிக்காமல் கிடக்கும். மறுபக்கம் பிடிஹெச் 110, கால்சியம் 8.9 என்றால் முதலில் வைட்டமின் டியும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். உடனே கழுத்து ஸ்கேன் எழுதவேண்டாம்.

கால்சியத்தை ஆல்புமினோடு சேர்த்துப் படியுங்கள்: ஆல்புமின் 4க்குக் கீழே ஒவ்வொரு 1 கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டவேண்டும்.

#10 கேள்விக்கொடி

நன்றி சார். அட்ரினலுக்கும் இதே மாதிரி ஜோடி உண்டா? முகம் உப்பி, வயிறு பெருத்து, தோலில் செந்நிறக் கோடுகள். பார்த்தால் கார்டிசால் ஏகத்துக்கு இருப்பதுபோல் இருக்கிறது. ரிப்போர்ட்டில் காலை கார்டிசால் 1 மைக்ரோகிராம். லேப் தப்பா?

#11 ரத்தமாதிரி

லேப் தப்பில்லை. வெளியிலிருந்து கார்டிசால் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து உள்ளே போகிறது, அதனால் சொந்தச் சுரப்பு அடங்கிவிட்டது. டெக்சாமெத்தசோனையும் பீட்டாமெத்தசோனையும் கார்டிசால் கிட் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. உடம்பு பார்க்கிறது, மெஷின் பார்க்கவில்லை. பிரெட்னிசோலோன் மட்டும் பல கிட்களில் கார்டிசால் என்று கணக்காகி எண்ணை ஏற்றிக் காட்டும்.

#12 வேல்விழி

அமைப்பைச் சேர்த்துவிடுகிறேன். சிறுநீரகங்களின் தலையில் இரண்டு அட்ரினல், ஒவ்வொன்றும் 4, 5 கிராம். வலது முக்கோணம், இடது பிறைவடிவம். புறணியில் மூன்று அடுக்கு: வெளியே ஆல்டோஸ்டிரோன் (உடலில் உப்பைப் பிடித்துவைப்பது), நடுவே கார்டிசால், உள்ளே ஆண்மை ஹார்மோன்கள். மையத்தில் அட்ரினலின். நடு அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் பிட்யூட்டரியின் ஏசிடிஹெச் (அட்ரினலை ஏவும் ஹார்மோன்) வேண்டும். வெளி அடுக்கு முக்கியமாகச் சிறுநீரகத்தின் ரெனின் சொல்படி நடக்கும்.

நோயை இடம் பிரித்துச் சொல்ல இந்த வேறுபாடு போதும். அட்ரினலே கெட்டால் ஆல்டோஸ்டிரோனும் போகும்: சோடியம் குறையும், பொட்டாசியம் ஏறும். ஏசிடிஹெச் எகிறும், அதுவும் அதன் தாய்ப்புரதத்திலிருந்து பிரியும் துண்டுகளும் தோலைக் கறுக்கவைக்கும். உள்ளங்கை ரேகைகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பாருங்கள், நம் நிறத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். ஸ்டீராய்டு மாத்திரையால் பிட்யூட்டரி தூங்கிப்போனால் ரெனின் வழி பிழைத்திருக்கும்: பொட்டாசியம் நார்மல், தோல் கறுக்காது.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோயாளிகளில் பலருக்கு அட்ரினலில் காசநோய். இங்கே இன்றும் அந்தக் காரணத்தை முதலில் நினைக்கவேண்டும்.

#13 நாளமில்லான்

காசநோய் என்றதும் ஒன்று சொல்லியாகவேண்டும். ரிஃபாம்பிசின் ஈரலில் கார்டிசாலை வேகமாக உடைக்கும். அட்ரினல் ஏற்கெனவே அரைகுறையாக ஓடும் நோயாளிக்குக் காசநோய் மருந்து தொடங்கியதும் பிபி விழுந்தால் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். அதேபோல் தைராக்ஸினும் கார்டிசாலை வேகமாகச் செலவழிக்கும். தைராய்டும் அட்ரினலும் இரண்டும் குறைந்தவருக்கு, ஷீஹன் நோயாளி போல, முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். மாற்றிச் செய்தால் ஆள் ஷாக்குக்குப் போவார்.

#14 பொதிகைச்சாரல்

வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால் அன்றே நிறுத்திவிடுவதுதானே நல்லது? இவ்வளவு கெடுதல் செய்வதை எதற்குத் தொடரவேண்டும்?

#15 மாத்திரைப்பெட்டி

கூடவே கூடாதுங்க. மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் கடையில தானா வாங்கிச் சாப்பிடறது, பெயரில்லாத பொடியில கலந்து போறது எல்லாம் மாசக்கணக்கில ஓடியிருக்கும். கணக்குப் போடுங்க: பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், ஹைட்ரோகார்டிசோன் 20, பீட்டாமெத்தசோன் 0.6 எல்லாம் ஒரே பலம். 0.5 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன் தினம் ரெண்டு போட்டா பிரெட்னிசோலோன் 8க்கு மேல. சின்ன மாத்திரைதானேன்னு நினைக்கிறாங்க.

#16 நாளமில்லான்

பொதிகைச்சாரல், 3, 4 வாரத்துக்கு மேல் அந்த அளவில் போயிருந்தால் பிட்யூட்டரி ஏசிடிஹெச் அனுப்புவதை நிறுத்தியிருக்கும், ஏவலில்லாத அட்ரினல் சுருங்கியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் முதல் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ பிபி விழும். பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, படிப்படியாக 5 மில்லிகிராம் வரை இறக்கி, கடைசி டோஸுக்கு 24 மணி நேரம் கழித்து காலை 8 மணி கார்டிசால் பார்க்கிறோம். 10க்கு மேல் இருந்தால் நிறுத்தலாம். 5க்குக் கீழே என்றால் தொடர்ந்து கொடுத்து சில மாதம் கழித்து மறுபடி. நடுவில் இருந்தால் அதே டோஸில் வைத்து சில வாரத்தில் மறுபடி. அட்ரினல் விழித்துக்கொள்ள ஒரு வருடம்கூட ஆகலாம்.

அதுவரை காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு டோஸ் இரட்டிப்பு. வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, சலைன். அவசரத்தில் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு ஊசியைப் போடுங்கள், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது. 'ஸ்டீராய்டு சாப்பிடுபவர்' என்று ஒரு அட்டை பர்ஸில் இருக்கட்டும்.

#17 ரத்தமாதிரி

இந்தப் பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுப்பவர்கள் கவனிக்கவேண்டியது. கார்டிசால் விடியற்காலை உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். மாலை 5 மணிக்கு எடுத்த கார்டிசால் 4 என்றால் அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது. குழாயில் பேர் மட்டும் எழுதாமல் எடுத்த நேரமும் கடைசியாக ஸ்டீராய்டு போட்ட நேரமும் எழுதுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடி மொத்த அளவு ஏறித் தெரியும், அதையும் குறிப்பிடுங்கள். ஏசிடிஹெச்சுக்கு ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய், ஐஸில் வைத்து உடனே லேபுக்கு. அறை வெப்பத்தில் கிடந்தால் சிதைந்து பொய்யாகக் குறையும்.

வரிசையும் முக்கியம். ஊதாக் குழாயில் நிரப்பிவிட்டு அதிலிருந்து கொஞ்சம் சீரம் குழாய்க்கு ஊற்றினால், அல்லது ஊசிமுனை ஈடிடிஏவில் பட்டபின் அடுத்த குழாய்க்குப் போனால், அந்தப் பொட்டாசியம் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கூடவே பொட்டாசியத்தையும் ஏற்றிவிடும். பொட்டாசியம் 7, கால்சியம் 6, நோயாளியோ சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் அட்ரினலையும் பாராதைராய்டையும் தேடும் முன் புதிதாக ஒரு குழாய் ரத்தம் எடுங்கள். சீரம் குழாய் முதலில், ஊதா பிறகு. கால்சியத்துக்குக் கையைக் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கவேண்டாம், புரதம் செறிந்து கால்சியம் கூடுதலாகக் காட்டும்.